படுத்துக் கிடந்தவரும் பதினாறு கிலோமீட்டரும்

ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டி நிற்பதைவிடப் பரிதாபமான வேலை கால்பந்தில் கிடையாது. இரண்டு கையையும் முன்னால் கோத்து, மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு, பத்து கஜம் தள்ளி நிற்கிறவன் நம் மேல் எப்போது உதைப்பான் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்லூரி நாட்களில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு ஆட்டத்தில், உதைக்கிறவன் ஓடி வந்ததும் ஐந்து பேரும் ஒன்றாக எம்பிக் குதித்தோம். பந்து எங்கள் காலுக்கடியில் புல்லோடு புல்லாக உருண்டு போய் வலையில் விழுந்தது. எங்கள் கோல்கீப்பர் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. "குதிக்கலேன்னா மேல போகுது, குதிச்சா கீழ போகுது, என்னதான்டா பண்றது?" என்று நாங்கள் கேட்டதற்கு அவனிடமும் பதில் இல்லை.

பதில் பல வருடம் கழித்து, 2018 அக்டோபர் 24 அன்று, பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானத்தில் கிடைத்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். கை எலும்பு முறிந்ததால் மெஸ்ஸி ஆடவில்லை. ஃப்ரீ கிக்கை எடுத்தவர் லூயிஸ் சுவாரஸ். சுவர் குதித்தது. சுவாரஸ் அதை எதிர்பார்த்தேதான் தரையோடு உதைத்தார். அந்த நொடியில் சுவருக்குப் பின்னால் இருந்த ஒருவர் அப்படியே சரிந்து தரையில் படுத்துவிட்டார். பந்து அவர் மேல் பட்டு நின்றது. ஐந்து பேர் ஆகாயத்தில், ஒருவர் தரையில். அந்தப் படத்தை அன்றிரவு பார்க்காதவர்கள் குறைவு.

படுத்தவர் மார்செலோ ப்ரோஸோவிச். குரோஷியாக்காரர், இன்டரின் 77ஆம் எண் சட்டை. அந்த ஆட்டத்தில் இன்டர் 2-0 என்று தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தடுத்த கோலால் மானம் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான்.

இந்த உத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காரணம் எளிது. சுவருக்கு அடியில் உதைப்பதை 2006இல் வெர்டர் பிரெமனுக்கு எதிராக ரொனால்டினோ செய்து காட்டியிருந்தார். ப்ரோஸோவிச் படுப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் முதல் ஆட்டத்தில், அலவேஸுக்கு எதிராக மெஸ்ஸி அப்படியே ஒரு கோல் போட்டிருந்தார். அதாவது எதிரணி என்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் யாரும் தரையில் படுக்கத் தயாராக இல்லை. தொழில்முறை ஆட்டக்காரன், கோடிகளில் சம்பளம் வாங்குபவன், எண்பதாயிரம் பேர் முன்னால் தரையில் படுப்பதா? இதற்கு முன்பு எங்கேயும் யாரும் படுத்ததே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகம் பூராவும் அணிகள் ஆளைப் படுக்கப் போட்டது இந்த இரவுக்குப் பிறகுதான். இத்தாலியில் அதற்கு வைத்த பெயர் 'முதலை'.

இந்த முதலையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். குரோஷிய நடுக்களம் என்றால் எல்லாரும் மோட்ரிச்சைப் பற்றி எழுதுவார்கள், அடுத்து ராகிடிச். எழுதட்டும், தகுதியானவர்கள்தான். எனக்கு மூன்றாவது ஆள்.

அந்தப் படம் வந்தபோது இத்தாலியில் சிலர் சிரித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதுவரை ப்ரோஸோவிச்சுக்கு இருந்த பெயர் 'சோம்பேறி'. படுத்துக்கொண்டே வேலை செய்கிறான் பார் என்ற கேலிக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் அதே வருடம் ஜூலையில் அதே ஆள் உலகக் கோப்பை அரையிறுதியில் 16.3 கிலோமீட்டர் ஓடியிருந்தார்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

1992 நவம்பர் 16, தலைநகர் ஸாக்ரெப்பில் பிறப்பு. வளர்ந்தது பக்கத்து ஊரான வெலிகா கோரிட்சா பகுதியில். யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து குரோஷியா சுதந்திர நாடாகி அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது. போர் முடியவில்லை. மோட்ரிச்சின் தலைமுறைக்குப் போர் நேரடி நினைவு. ப்ரோஸோவிச்சின் தலைமுறைக்கு அது பெரியவர்கள் பேசிக்கொள்வது, தெருப் பெயர், கிளப் பெயர். அவர் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய ஸாக்ரெப் கிளப்பின் பெயரே ஹர்வாட்ஸ்கி டிராகோவோல்யாட்ஸ். தமிழில் சொன்னால் 'குரோஷியத் தொண்டர்', போருக்குத் தானாக முன்வந்தவன் என்ற பொருளில்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ப்ரோஸோவிச் என்ற குடும்பப் பெயரில் யூகோஸ்லாவியாவை ஆண்ட யோசிப் ப்ரோஸ் டிட்டோவின் ப்ரோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் பெயர் மார்செலோவோ பிரேசில்காரர் பெயர் மாதிரி. 2014 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் சாவோ பாலோவில் பிரேசிலுக்கும் குரோஷியாவுக்கும் நடந்தது. பதினோராவது நிமிடத்திலேயே பிரேசிலின் மார்செலோ தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். இரண்டாம் பாதியில் கோவாசிச்சுக்குப் பதிலாக குரோஷியாவின் மார்செலோ இறங்கினார். நாட்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரேசில் 3-1 என்று ஜெயித்தது.

அதற்குள் அவர் ஸாக்ரெப்பிலேயே மூன்று கிளப் மாறியிருந்தார். டிராகோவோல்யாட்ஸ், 2011இல் லோகோமோட்டிவா, 2012இல் டினமோ. டினமோ என்றால் அந்த நாட்டில் கோப்பையும் அதுதான், சந்தையும் அதுதான். நல்ல பையன்களை வளர்த்து, இரண்டு மூன்று பட்டம் வாங்கி, வெளிநாட்டுக்கு விற்பது அதன் தொழில். 2015 ஜனவரியில் இன்டர் அவரை முதலில் கடனாக எடுத்து, பிறகு வாங்கிக்கொண்டது. பயிற்சியாளர் அப்போது மான்சினி.

இன்டர் அந்தக் காலத்தில் நொந்து போயிருந்த கிளப். 2010இல் மூன்று பெரிய கோப்பைகளையும் ஒரே வருடத்தில் ஜெயித்த களிப்பு வடிந்து, பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருந்த வருடங்கள். அதில் ப்ரோஸோவிச் எங்கே ஆடுவார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் முன்கள வீரருக்குப் பின்னால், ஒரு நாள் வலது ஓரம், ஒரு நாள் நடுவில் இரண்டு பேரில் ஒருவர். குரோஷியாவுக்கும் அப்படித்தான், 2016 யூரோ கோப்பையில் வலது ஓரத்தில் ஆடினார். கொஞ்சம் கோல் போடுவார், கொஞ்சம் தூரத்திலிருந்து உதைப்பார், சில ஆட்டம் இருக்கிற இடமே தெரியாது. அந்த வருடம் ஃப்ராங்க் டி போயர் பயிற்சியாளராக வந்ததும் ஒழுங்கு விஷயமாக அவரைச் சில வாரம் அணியிலேயே சேர்க்கவில்லை.

முகமும் அவருக்கு உதவவில்லை. கோல் போட்டாலும் சிரிக்க மாட்டார். கையை மோவாயில் வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காத மாதிரி கேமராவைப் பார்ப்பார். இணையத்தில் அது 'எபிக் ப்ரோஸோ' என்று பெரிய கேலிப்படமாகி, அவரும் அதையே தன் கொண்டாட்டமாக வைத்துக்கொண்டார். எனக்கு அந்த முகம் பிடிக்கும். ஆனால் அணி தோற்கும்போது அதே முகத்தைப் பார்க்கிற ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும்? 'இவனுக்கு அக்கறையே இல்லை' என்று தோன்றத்தானே செய்யும்.

2018 பிப்ரவரியில் அது வெடித்தது. சான் சிரோவில் போலோன்யாவுக்கு எதிரான ஆட்டம். ப்ரோஸோவிச்சை வெளியே எடுத்தபோது சொந்த ரசிகர்களே விசிலடித்துத் துரத்தினார்கள். அவர் நடந்துகொண்டே அவர்களைப் பார்த்துக் கை தட்டினார். நக்கல் கைதட்டல். சொந்த மைதானத்தில் அதைச் செய்துவிட்டு அங்கே நீடித்தவர்கள் சிலர்தான். அதற்கு முந்தைய மாதமே அவர் கிளப்பை விட்டுப் போகப் போகிறார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. வயது இருபத்தைந்து. மூட்டை கட்டுவதுதான் பாக்கி.

போகவில்லை. ஒரே மாதத்தில், மார்ச்சில் நாப்போலிக்கு எதிராக, பயிற்சியாளர் லூசியானோ ஸ்பலெட்டி அவரைப் பின்னால் இழுத்து, பாதுகாப்பு வரிசைக்கு நேர் முன்னால் நிறுத்தினார். ஆட்டம் 0-0. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த நான்கு வருடத்துக்கு மேல் அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடைசி ஆட்டத்தில் லாட்சியோவை 3-2 என்று ஜெயித்து இன்டர் மறுபடி சாம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைந்தது.

அந்த இடத்துக்கு இத்தாலிக்காரர்கள் 'ரெஜிஸ்டா' என்கிறார்கள். சினிமா இயக்குநருக்கும் அங்கே அதே சொல்தான். இத்தாலியின் நடுக்கள வீரர் பிர்லோ மாதிரி, நின்ற இடத்திலிருந்து நாற்பது மீட்டர் பந்தைப் பார்த்துப் போடுபவர் என்றால் அந்தச் சொல் பொருந்தும். ப்ரோஸோவிச் அப்படியில்லை. அவரைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது நம் கல்யாணப் பந்தியில் விசாரிக்கிற ஆள். பந்தியில் உட்கார மாட்டார். கையில் வாளியும் இருக்காது. இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். "இங்க சாம்பார் வரலியே", "அந்த ஓரத்துல ரசம்" என்று அங்கே ஒரு சொல், இங்கே ஒரு கையசைப்பு. எந்த இலை காலியாகப் போகிறது என்று பரிமாறுகிறவருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சாப்பிட்டு எழுந்தவர்கள் சமையல்காரரைப் புகழ்வார்கள். அவர் இல்லாத பந்தி எப்படி இருக்கும் என்பது அவர் வராத அன்றைக்குத்தான் தெரியும்.

பாதுகாப்பு வீரர் காலில் பந்து வந்ததும் ப்ரோஸோவிச் அவருக்குத் தெரிகிற இடத்துக்கு வந்து நிற்பார். எதிரணிக்காரன் நெருங்கினால் மூன்றடி தள்ளிப் போவார். வாங்கினால் ஒரு தொடல், இரண்டு தொடல், அடுத்தவருக்கு. கொடுத்த கையோடு நிற்காமல், பந்து திரும்பி வந்தால் எங்கே வாங்குவது என்று அடுத்த இடத்துக்கு நடப்பார். பந்து வராவிட்டாலும் போவார். அவரைத் துரத்தி ஒருத்தன் வருவான், அந்த இடைவெளியில் வேறொருவருக்குப் பந்து போகும். இந்த 'பந்து கேட்பது' இருக்கிறதே, அதற்குப் புள்ளிவிவரம் எழுத யாருக்கும் தோன்றாது. எழுதுவது கிலோமீட்டரைத்தான்.

அந்தக் கிலோமீட்டர் கதைக்கு வருவோம்.

2018 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் குரோஷியப் பயிற்சியாளர் ஸ்லாட்கோ தாலிச் அவரைத் தொடக்க அணியில் வைக்கவில்லை. மோட்ரிச்சும் ராகிடிச்சும் பின்னால் நின்றார்கள். அடுத்தது அர்ஜென்டினா. மெஸ்ஸியை யார் பார்த்துக்கொள்வது? க்ராமரிச்சை எடுத்துவிட்டு ப்ரோஸோவிச்சை உள்ளே கொண்டுவந்தார். நிஸ்னி நோவ்கரோடில் குரோஷியா 3-0 என்று ஜெயித்தது. கோல்கள் ரெபிச், மோட்ரிச், ராகிடிச். பின்னால் ஒருவர் நின்றதால் மோட்ரிச்சும் ராகிடிச்சும் முப்பது மீட்டர் முன்னால் போக முடிந்தது என்பதை அன்றைய செய்திகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் வேடிக்கை, காலிறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக தாலிச் மறுபடி அவரை வெளியே உட்கார வைத்தார். ஆட்டம் கை நழுவும்போல் இருந்ததும் 63ஆவது நிமிடத்தில் பெரிசிச்சை எடுத்துவிட்டு அவரை இறக்கினார். பெனால்டி ஷூட்அவுட்டில் குரோஷியாவின் முதல் உதையை உதைத்தவரும் அவரே. உள்ளே போனது. அரையிறுதியில் அவரை உட்கார வைக்கும் எண்ணம் தாலிச்சுக்கு வரவில்லை.

ஜூலை 11, மாஸ்கோ லுஷ்னிகி மைதானம், எதிரே இங்கிலாந்து. நமக்கு இரவு பதினொன்றரை. ஐந்தாவது நிமிடத்திலேயே ட்ரிப்பியரின் ஃப்ரீ கிக் உள்ளே போய்விட்டது. டெலி ஆலியை இழுத்துப்போட்டு அந்த ஃப்ரீ கிக்கைக் கொடுத்ததே மோட்ரிச்தான். முதல் பாதி முழுக்க இங்கிலாந்து இன்னொரு கோல் போட்டிருக்க வேண்டும். நான் படுக்கப் போகலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே டென்மார்க்குடனும் ரஷ்யாவுடனும் நூற்றிருபது நிமிடம் ஆடிக் களைத்தவர்கள், எப்படித் திரும்பி வருவார்கள்? 68இல் பெரிசிச் காலைத் தலை உயரத்துக்குத் தூக்கிச் சமன் செய்தார். 109இல் மாண்ட்சுகிச். முடியும்போது இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. அடுத்த நாள் அலுவலகத்தில் எப்படி இருந்தேன் என்பது வேறு கதை.

தாலிச் 95ஆவது நிமிடம் வரை ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை. யாருமே வெளியே வரச் சம்மதிக்கவில்லை என்று பிறகு சொன்னார். கடைசியில் மோட்ரிச்சே வெளியே போனார், ப்ரோஸோவிச் போகவில்லை.

மறுநாள் அந்த எண் வந்தது: 16.3 கிலோமீட்டர். உலகம் வாயைப் பிளந்தது. எனக்கும் கொஞ்சம் பிளந்தது, பிறகு கணக்குப் போட்டேன். நூற்றிருபது நிமிடத்துக்கு 16.3 என்றால், தொண்ணூறு நிமிடக் கணக்கில் ஏறத்தாழ 12.2. அது நிறையதான், ஆனால் அமானுஷ்யம் இல்லை. நல்ல நடுக்கள வீரர்கள் பதினொன்று, பன்னிரண்டு ஓடுகிறார்கள். மைதானத்தின் நீளம் 105 மீட்டர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 155 முறை. அதில் பாய்ச்சலை விட நடையும் மெல்லோட்டமும்தான் அதிகம் இருக்கும். 'குதிரை மாதிரி ஓடினான்' என்று புகழ்ந்தவர்கள் மேல் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. குதிரைக்கு எங்கே போவது என்று தெரியாது, மேலே இருக்கிறவன் சொல்ல வேண்டும்.

சில வருடம் கழித்து, ஊரடங்குக் காலத்தில் செய்ய ஒன்றும் இல்லாதபோது, அந்த ஆட்டத்தை மறுபடி போட்டு, 11ஆம் எண்ணை மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். குரோஷியாவுக்கு அவர் 11. சொல்வது எளிது. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால்தான் போகும், அவர் பாதி நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். அப்புறம் படம் திரும்பும்போது, இருக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். எப்போது வந்தார் என்று தெரியாது. லோவ்ரெனுக்கும் விடாவுக்கும் முன்னால், தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு. பந்து வரும்முன் ஒரு முறை, வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு முறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். தெருவைக் கடக்கிற குழந்தைக்குச் சொல்லித்தருகிற மாதிரி. கோவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்தவர்களுக்கு அந்த நடை புரியும். அவசரம் இருக்காது, ஆனால் ஒரு நொடி தாமதமும் இருக்காது. அரை மணி நேரத்தில் எனக்குக் கண் வலித்தது. இரண்டு கோலிலும் அவர் பெயர் இல்லை. கொண்டாட்டக் குவியலில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இறுதியாட்டத்தில் ஃபிரான்ஸ் 4-2. மக்கள்தொகை சுமார் நாற்பது லட்சமே உள்ள நாடு இரண்டாமிடம்.

நான்கு வருடம் கழித்து, கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராகத் தன் எண்ணைத் தானே முறியடித்தார். 16.7. அதுவும் நூற்றிருபது நிமிடம், அதுவும் பெனால்டி, அதிலும் அவர் உதைத்தது உள்ளே. முப்பது வயது. அடுத்த ஆட்டம் பிரேசில். மோட்ரிச், ப்ரோஸோவிச், கோவாசிச் மூவரும் பிரேசிலிடமிருந்து பந்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் ஆட்டத்தைத் தூங்க வைத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் நண்பர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் எனக்கு அழகாகத்தான் இருந்தது. கூடுதல் நேரத்தில் நெய்மார் ஒரு கோல் போட்டதும் முடிந்தது என்று நினைத்தோம். 114இல் ப்ரோஸோவிச்சை வெளியே எடுத்து ஓர்ஷிச்சை இறக்கினார் தாலிச். 117இல் அதே ஓர்ஷிச் கொடுத்த பந்தில் பெட்கோவிச் சமன் செய்தார். பெனால்டியில் பிரேசில் வெளியே. தாலிச்சின் மிகச் சரியான மாற்றங்களில் ஒன்று, நான் கொண்டாடும் ஆளை வெளியே எடுத்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கிளப்பில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தோனியோ கோன்டே பயிற்சியாளராக வந்தார், 2021இல் இன்டர் லீக் பட்டம் வென்றது, ஜுவென்டஸின் ஒன்பது வருடத் தொடர் முடிந்தது. அதற்கு முந்தைய வருடம், 2020 பிப்ரவரியில், அதே ஊரின் ஏசி மிலானோடு ஒரு மிலான் டெர்பி, பாதி நேரத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்த இன்டர் 4-2 என்று ஜெயித்தது. முதல் கோல் ப்ரோஸோவிச். பெட்டிக்கு வெளியே பந்து காற்றில் இறங்கி வருகிறது, இடது காலால் தரை தொடுமுன் ஒரு உதை. அதை மட்டும் தனியாக நூறு முறையாவது பார்த்திருப்பேன். பந்தி விசாரிக்கிறவர் திடீரென்று உள்ளே போய் ஜாங்கிரி பிழிந்து காட்டிய மாதிரி.

ஆனால் அவர் யார் என்று இன்டருக்குத் தெரிந்தது 2022 மார்ச்சில். அப்போது பயிற்சியாளர் சிமோனே இன்சாகி. காயத்தால் ப்ரோஸோவிச் இல்லை. டொரினோவுடன் 1-1. ஃபியோரென்டினாவுடன் 1-1. அவருக்கு மாற்றாக அணியில் உண்மையில் யாருமே இல்லை என்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. அந்த வருடம் பட்டத்தை ஏசி மிலான் 86 புள்ளியுடன் ஜெயித்தது. இன்டருக்கு 84. இரண்டு புள்ளி. நாலு வருடத்துக்கு முன் விசிலடித்துத் துரத்தியவர்களில் சிலராவது அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அதே மார்ச்சில் கிளப் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது.

நீட்டித்தது வீண். செப்டம்பரில் குரோஷியாவுக்காக ஆடும்போது தசையில் காயம். அந்த இடைவெளியில் இன்சாகி ஹக்கான் சால்ஹானோலுவைப் பின்னால் நிறுத்திப் பார்த்தார். ஸ்பலெட்டி எதைச் செய்தாரோ அதேதான், முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருவரைப் பின்னால் இழுத்தது. அவரும் பிரமாதமாக ஆடினார். ப்ரோஸோவிச் திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் ஆள் இருந்தது. 2023 ஜூன் 10, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி. அங்கே இருவரையும் சேர்த்தே இறக்கினார் இன்சாகி. மான்செஸ்டர் சிட்டி 1-0. கோல் போட்டது ரோட்ரி, எதிரணியின் பந்தி விசாரிப்பவர். எட்டு நாள் கழித்து ரோட்டர்டாமில், ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக் இறுதி, ஸ்பெயினிடம் பெனால்டியில் தோல்வி. எதிரே மறுபடி அதே ரோட்ரி. அந்த ஷூட்அவுட்டிலும் ப்ரோஸோவிச் தன் பங்கை உள்ளே போட்டார். எட்டு நாளில் இரண்டு இறுதி, இரண்டிலும் கை வெறும் கை.

அடுத்த மாதம் சவூதியின் அல் நாசர் வாங்கிக்கொண்டது, ரொனால்டோ இருக்கிற கிளப். சவூதிக்குப் போன எல்லாரையும் போல அவரையும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. முப்பது வயது, நாற்காலி போய்விட்டது, பெரிய சம்பளம் வருகிறது. நாமாக இருந்தால் போக மாட்டோமா? ஆனால் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

2024 யூரோவில் குரோஷியா குழுச் சுற்றோடு வெளியேறியது. இத்தாலிக்கு எதிராகக் கூடுதலாகக் கொடுத்த எட்டாவது நிமிடத்தில் வாங்கிய கோல், அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆகஸ்டில் ப்ரோஸோவிச் நாட்டுக்காக ஆடுவதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மொத்தம் 99 ஆட்டம். இந்தச் செய்தியை நண்பனுக்கு அனுப்பினேன். "லூசாடா அவன்? இன்னும் ஒண்ணு ஆடிட்டுப் போயிருக்கலாமே, செஞ்சுரி!" என்று பதில் வந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனசு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நூறாவது ஆட்டத்துக்குப் பூச்செண்டு, சட்டம் போட்ட சட்டை, குடும்பத்தோடு புகைப்படம் என்று ஒரு சடங்கு உண்டு. அந்தப் புகைப்படத்தில் அவர் எந்த முகத்தோடு நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் படுக்கை மட்டும் அவரை விட்டுத் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் பாரிஸில், மான்செஸ்டர் சிட்டியின் ஒரு ஃப்ரீ கிக்குக்கு, பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியின் சுவருக்குப் பின்னால் படுத்தது யார் தெரியுமா? மெஸ்ஸி. எத்தனையோ சுவருக்கு மேலும் கீழும் கோல் போட்டவர் ஒருக்களித்துப் புல்லில் கிடந்தார். 'இவரைப் போய்ப் படுக்க வைப்பதா, அவமரியாதை' என்று தொலைக்காட்சியில் பொங்கினார்கள். அன்றைக்கு மெஸ்ஸி அந்தக் கிளப்புக்கான தன் முதல் கோலையும் போட்டார். ஆனால் அதைவிட அவர் படுத்த படம்தான் அதிகம் சுற்றியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வாடகைக்கு எடுக்கும் செயற்கைப் புல் திடல். எங்கள் பக்கம் எல்லாருக்கும் நாற்பதைத் தொட்ட தொப்பை, ஆள் போதாமல் பக்கத்துத் திடலில் இருந்து ஒரு கல்லூரிப் பையனைச் சேர்த்துக்கொண்டோம். எதிரணிக்கு ஃப்ரீ கிக். நாங்கள் மூன்று பேர் கையைக் கோத்துக்கொண்டு சுவராக நின்றோம். அந்தப் பையன் எதுவும் சொல்லாமல் எங்கள் பின்னால் போய், முழங்கையை ஊன்றிப் படுத்துவிட்டான். பந்து எங்களைத் தாண்டி மேலே எங்கேயோ வலைக்கு வெளியே போனது. அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். முதுகெல்லாம் கறுப்பு ரப்பர் துகள்.

"இது யார்கிட்ட கத்துக்கிட்டே தம்பி?"

"மெஸ்ஸி பண்ணுவாருண்ணே" என்றான், துகளைத் தட்டிவிட்டுக்கொண்டே.